40-ஐத் தாண்டாமல் ஓட்டிய வண்டியும் 31,000 கி.மீ. ஓடிய வண்டியும்: என் ரன்னிங்-இன் அனுபவம்

என் முதல் பைக்கை வாங்கியபோது சாவியோடு சேர்த்து ஒரு அறிவுரையும் கொடுத்தார்கள்: "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 40-ஐத் தாண்டாதீங்க". புது இன்ஜினை இப்படி ஆரம்பத்தில் பக்குவமாக ஓட்டிப் பழக்குவதைத்தான் ரன்னிங்-இன் என்கிறார்கள். நானும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு டாப் கியரில் 40 கி.மீ. வேகத்திலேயே உருட்டினேன். மேடு வந்தால்கூட கியரைக் குறைக்க மாட்டேன், குறைத்தால் இன்ஜின் சத்தம் கூடுமே என்ற பயம். இன்ஜின் முக்கி முனகிக்கொண்டு ஏறும். அந்த வண்டி 15,000 கிலோமீட்டரிலேயே ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை, ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே தொங்குமே ஒரு சின்னக் குழாய், அதில் எப்போது பார்த்தாலும் ஆயில். பிரித்துப் பார்த்த மெக்கானிக் சிலிண்டர் உள்சுவரைக் காட்டினார். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. அழகாகத்தானே இருக்கிறது என்றேன். அதுதான் தப்பு என்றார்.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. புது சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மிக மெல்லிய கீறல்கள் வேண்டுமென்றே போடப்பட்டிருக்கும். ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அவைதான், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையங்களான ரிங்குகளை லேசாக உரசி சுவருக்குப் பொருந்தும்படி செய்வதும் அவைதான். ஆனால் ரிங் தன் வில்விசையால் மட்டும் சுவரை அவ்வளவு அழுத்தாது. எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளினால்தான் அது நன்றாகப் பதியும். அதற்கு இன்ஜினுக்கு ஓரளவு வேலை கொடுக்க வேண்டும். பொத்திப் பொத்தியே ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது, சுவரில் தங்கும் ஆயில் கருகி வார்னிஷ் மாதிரி படிந்து கீறல்களை அடைத்துவிடும். அப்புறம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் பதியாது. ஹோனிங் செய்து, அதாவது சுவரில் மறுபடி கீறல் போட்டு, புது ரிங் போட்டால்தான் உண்டு, நானும் அதைத்தான் செய்தேன்.

இப்போதைய வண்டிக்குக் கையேட்டை முதலில் படித்தேன். முதல் 1000 கிலோமீட்டருக்கு 5000 ஆர்பிஎம்மைத் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) தாண்டாதே, முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதே, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாதே என்று இருந்தது. (இந்த எண்கள் வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள்.) எல்லோரும் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுகிறோம். எனக்குத் தெரிந்து அதுதான் முக்கியம். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், அப்புறம் சூடேறும்வரை மெதுவாக. அலுமினிய பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும், சிலிண்டர் சூடாகக் கொஞ்சம் நேரமாகும், இடைவெளி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் முறுக்கக் கூடாது. சூடேறிய பிறகு இரண்டாவது, மூன்றாவது கியரில் 3000-லிருந்து 4500, 5000 வரை சீராக ஏற்றுவேன், உடனே ஆக்சிலரேட்டரை மூடி கியரிலேயே வேகம் குறைய விடுவேன், மறுபடி ஏற்றுவேன். பார்க்கிறவர்களுக்கு ஓட்டத் தெரியாதவன் மாதிரி தெரிந்திருக்கும். பின்னால் உட்கார்ந்து வந்தவர் "ஏன் இப்படி இழுத்து இழுத்து ஓட்டுறே, தலை சுத்துது" என்றார், நியாயமான புகார். நெடுஞ்சாலையை முதல் 500 கிலோமீட்டர் தவிர்த்துவிட்டேன்.

500-ல் நானே ஆயில் மாற்றினேன். கையேட்டில் 1000-ல்தான் முதல் சர்வீஸ், அதையும் விடாமல் செய்தேன், வாரண்டி முக்கியம். 500-லேயே ஏன் மாற்றினேன் என்று கேட்டால், வடித்த ஆயிலை வெயிலில் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிப் பொடியைக் கரைத்த மாதிரி மினுமினுப்பு. ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் முனையில் காந்தம் உண்டு, அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி அப்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், மையாக இருந்தது, நெருடவில்லை. நெருடியிருந்தால் கவலைப்பட்டிருப்பேன். 1000-ல் அந்தப் பசை பாதிகூட இல்லை, அதற்கடுத்த முறை மெல்லிய பூச்சுதான். தேய்மானத்தில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே நடந்து முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆயில் வாங்கும்போது கையேட்டில் உள்ள கிரேடு, பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோவின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை, இரண்டையும் பார்த்தால் போதும். பைக்கில் பெரும்பாலும் கிளட்ச் அதே ஆயிலில் ஊறுகிறது, வழுக்கலுக்கான சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு.

இப்போது 31,000 ஆகிறது. ஆயில் மாற்றும் இடைவெளிக்குள் இதுவரை ஒருமுறைகூட மேலே ஊற்றியதில்லை, புகை இல்லை, அந்தக் குழாய் காய்ந்தே கிடக்கிறது. எல்லாம் ரன்னிங்-இன் மகிமை என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டும் வேறு வேறு வண்டிகள், இது பல வருடம் கழித்து வந்த இன்ஜின், இப்போதெல்லாம் சிலிண்டர் வேலைப்பாடும் நேர்த்தி. முதல் நாளிலிருந்தே முழுசாக முறுக்கு என்று சொல்லும் கட்சியும் இருக்கிறது, அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை.

டயரும் பிரேக்கும் பழக வேண்டியவைதான். முதல் 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல், பிரேக்கைக் கடைசி நொடியில் அழுத்தாமல் ஓட்டினேன். கோட்டை விட்டது செயினில். புது செயின் ஆரம்பத்தில் சீக்கிரமே தொய்யும், நான் இன்ஜினையே காதில் வாங்கிக்கொண்டிருந்ததில் அதைப் பார்க்கவே இல்லை. 700-ல் டக் டக் என்று சத்தம் வந்தபோதும் ஐயோ இன்ஜினா என்றுதான் குனிந்து பார்த்தேன், செயின், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் அடித்து அந்த இடத்தில் பெயிண்ட் போயிருந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.