பத்து வயது ஜெர்மன் எஸ்.யூ.வி.யா, ஏழு வயது வி-க்ராஸா: நான் ஏன் பிக்கப் பக்கம் போனேன்

2024 நவம்பரில், கையில் 13 லட்சத்தை வைத்துக்கொண்டு இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு மாதம் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று 2013 மாடல் ஜெர்மன் சொகுசு எஸ்.யூ.வி. 3 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், 84,000 கிலோமீட்டர் ஓடியது, சொன்ன விலை 14, பேசினால் 13-க்கு வரும். இன்னொன்று 2017 இசுசு டி-மேக்ஸ் வி-க்ராஸ், பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப். 2.5 லிட்டர், மேனுவல், ஃபோர் வீல் டிரைவ், 91,000 கிலோமீட்டர், 12.75 லட்சம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், இரண்டுமே மனதுக்குப் பிடித்திருந்தது. கடைசியில் வி-க்ராஸை எடுத்தேன். 14 மாதம், 22,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது.

எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. வீடு பொள்ளாச்சி. வாரத்தில் நாலு நாள் தோப்புக்கு, மாதம் இரண்டு மூன்று தடவை கோயம்புத்தூருக்கு, எப்போதாவது வால்பாறைக்கு. இதைச் சொல்லக் காரணம், நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

முதலில் எஸ்.யூ.வி.யின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அதற்கு நியாயம் செய்ய வேண்டும். அந்த சீட்டில் உட்கார்ந்து கோவை ரோட்டில் 100-ல் போனபோது பின்னால் அப்பாவும் அம்மாவும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள், ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி. வண்டி தாழ்ந்து நின்று அவரை ஏற்றிக்கொண்டது. ஏர்பேக் நிறைய, பிரேக் அபாரம். வி-க்ராஸில் இதெல்லாம் கிடையாது. என் மாடலில் இரண்டே ஏர்பேக். பின்னால் கமான் பட்டைதான் (லாரியில் இருப்பது போல இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), அதனால் காலி வண்டியை மேடு பள்ளத்தில் விட்டால் பின்சீட்டில் இருப்பவர்கள் தூக்கிப் போடப்படுவார்கள். நீளம் 5.3 மீட்டர் கிட்ட வரும், கோவை டவுன்ஹால் பக்கம் கொண்டுபோய் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. மைலேஜ், பிக்கப் எனக்கு 11 முதல் 12 தருகிறது, எஸ்.யூ.வி. 9 தரும் என்றார் பழைய ஓனர். இந்த வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

எனக்கு முடிவைத் தந்தது வேறு ஒரு கேள்வி. வண்டி ஒரு நாள் நின்றுபோனால், திரும்ப ஓட எத்தனை நாள் ஆகும்? செலவு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நாள் கணக்குதான் பெரியது என்று என் பெரியப்பா மகன் வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

அண்ணன் திருப்பூரில் இதே வயது, இதே வகை வண்டி வைத்திருந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் ஏர் சஸ்பென்ஷன் வைத்த எந்தப் பழைய வண்டியிலும் நடக்கக்கூடிய விஷயம்தான் அது. சாதாரண வண்டியில் சுருள் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இந்த வண்டிகளில் காற்று நிரப்பிய ரப்பர் பை இருக்கும். ஒரு கம்ப்ரஸர் காற்றை ஏற்றும், ஒரு வால்வு பிளாக் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும், உயரத்தை சென்சார்கள் பார்த்துக்கொள்ளும். பத்து வருடத்தில் அந்த ரப்பர், மடங்கி விரியும் இடத்தில் வெடிப்பு விடும், காற்று மெல்லக் கசியும். கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும், ஓடி ஓடிச் சூடாகி அதுவும் போய்விடும். அதாவது ஒரு பையில் வந்த கசிவை ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் இரண்டு சாமானுக்குச் செலவு. அண்ணன் வண்டி ஒருநாள் காலையில் முன்பக்க இடது மூலை தரையோடு படுத்துக் கிடந்தது. டோ வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். முன்பக்க இரண்டு பை, கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்து 2.4 லட்சம். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். வண்டி 41 நாள் நின்றது. சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வந்த ஒன்று அந்த மாடலுக்குப் பொருந்தவில்லை, திரும்ப ஆர்டர் போட்டார்கள். அந்த 41 நாளும் அவர் பையனுடைய பைக்கில்தான் கடைக்குப் போனார்.

இப்போது இதையே என் தோப்புக்கு மாற்றிப் பாருங்கள். தேங்காய் வெட்டு நடக்கும் வாரத்தில் வண்டி இல்லையென்றால் நான் வாடகைக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும். போர்வெல் மோட்டார் எரிந்துபோய் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பிச்சுற்றைப் புதிதாகக் கட்டக் கொண்டுபோகும் நாளில் வண்டி இல்லையென்றால் மரங்களுக்குத் தண்ணீர் இல்லை.

வி-க்ராஸில் அந்த இடத்தில் இருப்பது முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் கமான் பட்டை. பட்டை உடைந்தால் லாரிக்குக் கமான் வேலை செய்யும் பட்டறையிலேயே பார்த்துவிடலாம், அப்படிப் பட்டறை எங்கள் ஊரைச் சுற்றி நிறைய இருக்கிறது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் விஷயமும் அப்படித்தான். ஜெர்மன் வி6 டீசல்களில் பியசோ என்ற வகை இன்ஜெக்டர்கள்தான் அதிகம், போனால் பெரும்பாலும் புதிது மாற்றுவதுதான் வழி. என் வண்டியில் இருப்பது சோலனாய்டு வகை, டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கும் நல்ல பம்ப்-நாஸில் கடையில் கழற்றிச் சோதித்துச் சரிசெய்ய முடிகிற சாமான். இந்த வண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாரானது. அதனாலோ என்னவோ, இதுவரை நான் கேட்ட சாமான் எதற்கும் நாலு நாளுக்கு மேல் காத்திருக்கவில்லை. கேட்டதும் பெரிய சாமான் இல்லை: பிரேக் பேட், ஒரு வீல் பேரிங், டீசல் ஃபில்டர், ஒரு சைடு மிரர்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு விஷயம், இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022-ல் நிர்ணயித்தபடி, வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. 13 லட்சம் வண்டியோ 1 கோடி வண்டியோ அதில் மாற்றமில்லை. வித்தியாசம் விபத்து கிளெய்மில்தான் வரும். பத்து வயது வண்டிக்கு பம்பர் டு பம்பர் பாலிசி, அதாவது தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் பாலிசி, கிடைப்பது மிக அரிது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், மீதி நம் கையிலிருந்து. சொகுசு வண்டியின் ஒரு ஹெட்லைட் விலையை விசாரித்துவிட்டு அதில் பாதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாட்டு வண்டியும் டிராக்டரும் திடீரென்று குறுக்கே வரும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

டெல்லி வண்டி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு முதலில் காட்டிய எஸ்.யூ.வி. டெல்லி நம்பர், விலை 3 லட்சம் குறைவு. தலைநகர்ப் பகுதியில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அதனால் அங்கே மலிவான வண்டிகள் இங்கே இறங்கின. ஆனால் அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். அதுவும் வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையை வைத்துக் கணக்கிடுவார்கள், நாம் வாங்கிய விலையை வைத்து இல்லை. 60 லட்சம் வண்டியாக இருந்தால் அந்த 3 லட்ச லாபம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கினால் டி.என். பதிவு வண்டியாகவே வாங்குங்கள்.

மறுவிற்பனையில் பிக்கப் எளிதாக ஜெயிக்கிறது. வி-க்ராஸ் 2016-ல் வந்தபோது ஷோரூம் விலை 12.49 லட்சம். ஏழு வயது வண்டிக்கு நான் 12.75 கொடுத்திருக்கிறேன். 2013 எஸ்.யூ.வி. 2028-ல் 15 வருடத்தைத் தொடும், ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே வாங்க ஆள் வருவது குறைந்துவிடும். நான் வாங்கியிருந்தால் அதற்கு நாலு வருடம்கூட இருந்திருக்காது.

குறைகளையும் மறைக்கவில்லை. பின்னால் திறந்த தொட்டி என்பதால் மழையில் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போவது சங்கடம், நான் தார்ப்பாய் கட்டித்தான் சமாளிக்கிறேன். பதிவு சொந்த உபயோகத்துக்கு, அதனால் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றக்கூடாது, தொட்டியில் ஆட்களையும் ஏற்றக்கூடாது. தோப்பு வேலைக்கு வருபவர்கள் கேட்கும்போது இதை ஒவ்வொரு தடவையும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. கிளட்ச், டர்போ இரண்டும் இன்னும் பழையதுதான், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டி இவை எப்படி இருக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. சொகுசு வண்டியை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதும் இல்லை, அண்ணன் வண்டியும் பார்த்த வண்டிகளும்தான் என் அறிவு. நல்ல தனிப்பட்ட மெக்கானிக் கையில், கோவையிலேயே இருந்துகொண்டு, வீட்டில் இரண்டாவது வண்டியும் இருந்தால் அந்தக் கணக்கு மாறலாம்.

அப்பா விஷயம்தான் மனதை உறுத்துகிறது. பிக்கப்பில் ஏற அவருக்குக் கஷ்டம். ஃபுட்போர்டு போட்டும் ஒரு கை பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். பழனிக்குப் போகும்போது தோப்புக்கு ஏற்கெனவே வாங்கிவைத்த இரண்டு உர மூட்டையைத் தொட்டியில் போட்டே கிளம்புகிறேன், 100 கிலோ பின்னால் இருந்தால் பட்டை கொஞ்சம் அடங்கி ஆட்டம் குறைகிறது. அவர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார், "இன்னொரு மூட்டை போடுப்பா" என்கிறார்.

இதையெல்லாம் படித்தும் எஸ்.யூ.வி.தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. பகலில் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். சாயங்காலம் சமதரையில் நிறுத்தச் சொல்லி, நாலு சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டர் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஓனர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய் மறுபடி அளங்கள். நான் அளந்த வண்டியில் ஒரு சக்கரம் ஒரே இரவில் 3 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.