லீயா, தாமஸா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற தளபதிகள் இவர்கள். இருவரும் வர்ஜீனியாக்காரர்கள், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர்கள். 1855-இல் உருவான அமெரிக்க ராணுவத்தின் இரண்டாம் குதிரைப்படையில் ராபர்ட் லீ லெப்டினன்ட் கர்னல், ஜார்ஜ் தாமஸ் மேஜர். 1861-இல் வர்ஜீனியா மாநிலம் நாட்டை விட்டுப் பிரிந்ததும் லீ ராஜினாமா செய்து, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் பக்கம் போனார். தாமஸ் நாட்டுக்குச் செய்த சத்தியத்தை விடவில்லை, வடக்குப் படையிலேயே இருந்தார். அதனால் சொந்தச் சகோதரிகளே அவர் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்கள் என்பார்கள்.

லீ துணிந்து பாய்பவர். கெட்டிஸ்பர்க் போரில் அந்தப் பாய்ச்சல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. தாமஸ் நிதானக்காரர். 1863 செப்டம்பரில் சிக்கமாகா போரில் வடக்குப் படையின் ஒரு பகுதி சிதறி ஓட, ஸ்னாட்கிராஸ் குன்றில் மாலைவரை அசையாமல் நின்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் நாஷ்வில்லில் எதிர்ப்படையையே நொறுக்கினார்.

இருவரும் 1870-இல் இறந்தார்கள். லீயின் பெயர் எங்கும் தெரியும். ஆனால் என் மனம் தாமஸ் பக்கம்தான். சொந்த வீட்டையே இழந்தும் அவர் சரியான பக்கம் நின்றார்.