கண்ணுக்குக் கீழே இருந்தது மரு இல்லை

கண்ணுக்குக் கீழே கடுகு கடுகாக மேடு தட்டியிருந்தால், "மருதானே, சுட்டு எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான் வரவில்லை.

எனக்குக் கழுத்தில் ஏழெட்டு மரு. கண்களுக்குக் கீழே, தோல் நிறத்திலேயே இந்தச் சின்ன மேடுகள். வலியோ அரிப்போ கிடையாது. தங்கை மகள் கல்யாணத்துக்குள் எடுத்துவிடலாமே என்று, வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் அரை நிமிடம் பார்த்தார். "எல்லாம் ஒரே மருதான் மேடம். பேக்கேஜா போட்டா 12,000." மரத்துப்போக ஒரு களிம்பு தடவி, காட்டரி மெஷினால் ஒரே மூச்சில் நாற்பது இடம் சுட்டார். அவர் டாக்டரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கழுத்து நன்றாக ஆறியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குக் கீழே கறுப்புப் புள்ளிகளும் நான்கைந்து குழிகளும்தான் மிச்சம். ஐந்தாவது மாதம் மேடுகளும் திரும்ப முளைத்தன. போய்க் கேட்டால், வெயிலில் அலைந்தீர்களா என்றார்கள். அப்புறம் இன்னொரு பேக்கேஜ் சொன்னார்கள்!

அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரம்மா பயாப்ஸி எடுத்துப் பார்த்தார். கழுத்தில் இருந்தது மேலே தொங்கும் சதை, நறுக்கினாலே போய்விடும். கண்ணுக்குக் கீழே இருப்பது சிரிங்கோமா. வியர்வைக் குழாயிலிருந்து வளரும் தீங்கில்லாத கட்டி, விட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அது தோலின் உள்ளடுக்கில் இருப்பதால் மேலோடு சுட்டால் மறுபடி வரும், ஆழமாகச் சுட்டால் தழும்பு விழும். மாநிறத்துக்குக் கறுப்பு வேறு தட்டும். அதனால் ஓரிரு இடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தொடுவாராம். இமையில் மஞ்சள் திட்டாக இருந்தால் அது கொழுப்பு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும் என்றார். அம்மாவுக்குத் தலையில் கட்டிகள் உண்டா என்றும் கேட்டார். மூக்கோரம் மேடுகள், தலையில் வியர்வைச் சுரப்பிக் கட்டிகள் என்று ஒரே குடும்பத்தில் சேர்ந்து வந்தால் சிஒய்எல்டி என்ற மரபணுவில் கோளாறு இருக்கலாமாம். எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை. ஆனால் கிளினிக்கில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையே!

டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும் என்பது 2002 முதல் விதி. என் ரசீதில் 'ஃபேஸ் கேர்' என்று மட்டும் இருக்கிறது. மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். டாக்டர் பெயர் என்ற இடத்தில் எழுத எனக்கு ஒரு பெயரும் இல்லை.