பம்பர் ஒரசலுக்கு கிளைம் போடுவதா? கார் இன்ஷூரன்ஸ்: நெடுநாள் பயன்பாட்டில் தெரியவரும் கணக்கு

சிக்னலில் நிற்கிற காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். தப்பு முழுக்க அவருடையது. ஆனாலும் பெரும்பாலும் உங்கள் கார் சரியாகப் போவது உங்கள் சொந்த பாலிசியில்தான், பறிபோவது உங்கள் நோ கிளைம் போனஸ்தான், அதாவது கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியை வருடாவருடம் ஒழுங்காகப் புதுப்பித்து, முதல் முறையாக கிளைம் போடுகிறவரை அதிகம் கடுப்பேற்றுவது இதுதான்.

அந்த ஒரே தாளுக்குள் இரண்டு பாலிசி இருக்கிறது. ஓன் டேமேஜ் பகுதி உங்கள் காருக்கு. அது யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. லைசென்ஸ் செல்லுமா, பாலிசி உயிரோடு இருக்கிறதா, ஓட்டியவர் குடித்திருந்தாரா, சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினீர்களா, இவைதான் அதன் கேள்விகள். நீங்களே வீட்டுச் சுவரில் இடித்திருந்தாலும் பணம் வரும். தேர்ட் பார்ட்டி பகுதி, உங்களால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. சொந்த உபயோகக் காராக இருந்தால் பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்தப் பணம் ஆப்பில் போட்டோ அனுப்பி வாங்குகிற பணம் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். நடைமுறையில் எஃப்ஐஆரும் வக்கீலும் வேண்டும். 15,000 ரூபாய் பம்பருக்கு யாரும் அந்தப் படி ஏறுவதில்லை.

ஆகவே சின்ன இடி விஷயத்தில் நடுரோட்டில் நின்று "யார் மேல தப்பு" என்று கத்துவதற்குப் பணக் கணக்கில் ஒரே ஒரு பயன்தான் உண்டு: எதிராளி கையிலிருந்து பணம் கொடுப்பாரா மாட்டாரா. மற்றதெல்லாம் பின்னால் நிற்கும் பேருந்தின் ஹாரனுக்குத்தான்.

இனி முக்கியமான கணக்கு. நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடத்துக்கு ஒரு படி ஏறும். ஒரு கிளைம் போட்டால் நேரே பூஜ்ஜியம். இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குக் கிடையாது. தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருக்கிறவர் 6,000 கட்டுகிறார். கிளைம் போட்டால் அடுத்தடுத்த வருடங்களில் 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 என்று கட்டி, ஆறாவது புதுப்பிப்பில்தான் பழைய இடத்துக்கு வருவார். கூடுதலாகக் கட்டியது மொத்தம் 15,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 17,700. கார் பழசாக ஆக ஐடிவி (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) இறங்குவதால் உண்மைத் தொகை கொஞ்சம் குறையும். மனதில் வைக்க வேண்டியது இதுதான்: 50 சதவீதத்தில் இருப்பவருக்கு ஒரு கிளைமின் விலை, தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. 20 சதவீதத்தில் இருப்பவருக்கு அது முக்கால் மடங்குக்குச் சற்று மேல், சரியாக 0.8. கிளைம் போட்டாலும் நோ கிளைம் போனஸைக் காப்பாற்றும் என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி எடுப்பது) எடுத்திருந்தால் இந்தக் கணக்கே மாறும். அதில் எத்தனை கிளைம் வரை அனுமதி என்று பாலிசி வாசகத்தில் பாருங்கள்.

மறுபக்கத்தில் கம்பெனி எவ்வளவு தரும்? சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் எல்லாவற்றுக்கும் காரின் வயது பாராமல் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து: முதல் 6 மாதம் எதுவும் இல்லை, ஒரு வருடத்துக்குள் 5, இரண்டுக்குள் 10, மூன்றுக்குள் 15, நான்குக்குள் 25, ஐந்துக்குள் 35, பத்துக்குள் 40, அதற்கு மேல் 50. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு முன்பம்பர். பாகம் 8,000, பெயிண்டிங் 6,000, மாட்டும் கூலி 1,000, கிளிப் வகையறா 300, மொத்தம் 15,300 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஏற்பது பம்பருக்கு 4,000, பெயிண்டிங்குக்கு 5,250, கூலி 1,000. அதிலிருந்து 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 1,000 போகும் (அதற்கு மேல் சிசி என்றால் 2,000). கைக்கு வருவது 9,250. உங்கள் பாக்கெட்டிலிருந்து 6,050. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தால் கம்பெனி 14,000 தரும், நீங்கள் 1,300 கட்டினால் போதும். இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 50 சதவீத போனஸில் இருப்பவர் அந்த 14,000-க்காக 15,000 இழக்கிறார். ஒரு பம்பருக்கு ஜீரோ டெப் இருந்தும் கிளைம் போடக் கூடாது என்பது இப்படித்தான் வருகிறது. பம்பரோடு ஹெட்லைட்டும் ஃபெண்டரும் போயிருந்தால் யோசிக்காமல் போடலாம்.

ஜீரோ டெப் என்பதை "எல்லாம் ஃப்ரீ" என்று விற்கிறார்கள். கட்டாயக் கழிவு அதிலும் உண்டு. நட்டு, கிளிப், கூலன்ட், ஆயில் போன்றவற்றுக்கு கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் தனி. பல பாலிசிகளில் வருடத்துக்கு 2 கிளைமுக்கு மேல் செல்லாது. இன்னொரு இடறல், பிரீமியம் குறைகிறதே என்று ஆன்லைனில் வாலன்டரி டிடக்டிபிள் (கட்டாயக் கழிவுக்கு மேல் நீங்களாக ஏற்கும் கழிவு) 5,000 அல்லது 7,500 டிக் செய்துவிட்டு மறந்துபோவது. இதில் சின்ன கிளைம் முழுவதுமே கரைந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் ஒர்க்ஷாப்பில் இரண்டு எஸ்டிமேட் கேளுங்கள், இன்ஷூரன்ஸுக்கு ஒன்று, கைக்காசுக்கு ஒன்று. இன்ஷூரன்ஸ் வேலை என்றால் பாகத்தை மாற்றுவார்கள். கைக்காசு என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து முடிப்பார்கள். பல சமயம் இரண்டாவது தொகை முதல் தொகையில் பாதிகூட வராது. ஆனால் பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். முன்பக்க இடியில் பம்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஏசி கண்டென்சர் நசுங்கி, மெதுவாக கேஸ் கசிந்து, இரண்டு வாரம் கழித்துத்தான் ஏசி குளிராமல் போகும். ரேடியேட்டர் சப்போர்ட், பார்க்கிங் சென்சார் பிராக்கெட் இவையும் அப்படித்தான். எதிராளியிடம் ரோட்டிலேயே 3,000 வாங்கிக்கொண்டு கைகுலுக்கியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கிளைம் போடுவதென்று முடிவானால் அன்றே தகவல் சொல்லி கிளைம் நம்பர் வாங்கிவிடுங்கள். வண்டியை நகர்த்தும் முன் நான்கு மூலையிலிருந்தும் நம்பர் பிளேட் தெரிய ஒரு படம், இடிபட்ட இடம் கிட்டத்தில், எதிர் வண்டியின் நம்பர், இரண்டும் நிற்கும் நிலை, ஓடோமீட்டர். எஸ்டிமேட் 50,000-ஐத் தாண்டினால் சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம். அதற்குக் கீழே பல கம்பெனிகள் போட்டோ, வீடியோவிலேயே முடித்துவிடுகின்றன. நெடுநாள் பயன்பாட்டில் உண்மையாகவே முன்னேறியிருப்பது இந்த ஒன்றுதான். ஒப்புதல் வருமுன் வேலை ஆரம்பிக்கக் கூடாது. கழற்றியபின் புதிதாகச் சேதம் தெரிந்தால் கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி, அதற்கும் ஒப்புதல் வாங்கியபிறகே பாகம் ஆர்டர் செய்ய வேண்டும்.

கிளைம் ஃபாரத்தில் "விபத்து எப்படி நடந்தது" என்ற கட்டம்தான் உயிர். பின்னால் வந்தவர் இடித்த வேகத்தில் உங்கள் கார் முன்னால் நின்ற வண்டியில் மோதியிருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். "பின்னால் இடித்தார்கள்" என்று மட்டும் எழுதினால் முன்பக்கச் சேதம் வேறு விபத்து என்று தள்ளப்படும், அல்லது கட்டாயக் கழிவு இரண்டு முறை பிடிக்கப்படும். பழைய ஒடுக்குகளை இதோடு சேர்த்துச் செய்துவிடலாம் என்று ஒர்க்ஷாப்பில் ஆசை காட்டுவார்கள். கீறலின் திசை, உயரம், ஓரத்தில் பிடித்த துரு மூன்றையும் பார்த்தே சர்வேயர் சொல்லிவிடுவார். அதனால் நியாயமான பகுதிக்கும் சந்தேகம் வரும்.

அடியில் இடித்து ஆயில் சொட்டினால் அங்கேயே எஞ்சினை அணையுங்கள். விபத்துக்குப் பின் ஓட்டியதால் கூடிய சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) உடைந்ததற்குப் பணம் வரும், ஆயில் இல்லாமல் ஓட்டிப் பிடித்துப்போன எஞ்சினுக்கு வராது. இழுத்துச்செல்லும் செலவுக்கு சாதாரண பாலிசியிலேயே 1,500 ரூபாய் வரை உண்டு. பலர் கேட்பதே இல்லை.

தப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் "என் தவறுதான், முழுச் செலவையும் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பதும் நிபந்தனைதான். சம்பந்தப்பட்டது பைக்காக இருந்து, ஓட்டியவருக்குச் சிராய்ப்பே என்றாலும் கதை வேறு. அங்கே ரொக்கம் கொடுத்துவிட்டுக் கிளம்பக் கூடாது. முதலில் ஆஸ்பத்திரி. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலும் சொல்ல வேண்டும். காயமே இல்லாத, இரு தரப்பும் சமாதானமான இடியில் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (எஃப்ஐஆர் இல்லாமல் மனுவைப் பதிந்துகொண்டதற்கான சீட்டு) தருவார்கள். ஓன் டேமேஜ் கிளைமுக்கு அதுவும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கு: ஆர்சி மாறினால் போதாது, 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஓன் டேமேஜ் கிளைம் நிற்காது. விற்றவரின் போனஸ் அவரோடு போய்விடும். போனஸ் காருக்கு இல்லை, உரிமையாளருக்கு.

தகவல் சொன்னபின் கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று தோன்றினால் எழுத்தில் வாபஸ் வாங்கலாம். பணம் எதுவும் போகாமல் கிளைம் முடிக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று புதுப்பிக்கும் முன் சரிபாருங்கள். திறந்தே கிடக்கும் கிளைம் போனஸைத் தின்றுவிடும்.

தொகையைக் குறைத்தாலோ மறுத்தாலோ முதலில் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். எந்த பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும், சில சமயம் உங்களுக்கு எதிராகவும். தீராவிட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசா. பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ 30 நாளில் வராவிட்டாலோ, தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.