பிரியமா, நன்றிக்கடனா, வேறு வழியில்லையா: எந்தக் கேள்வித்தாள் சொல்லும்?

தொழிலாளர்களுக்கு வேலையிடத்தின் மேல் எவ்வளவு ஒட்டுதல் இருக்கிறது என்று அளந்து தரும்படி கங்கைகொண்டான் பக்கம் ஒரு நூல் மில்லில் கேட்டார்கள். மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது ஒற்றைக் கேள்வி. ‘வேண்டியவர்களை இங்கே வேலைக்கு வரச் சொல்வீர்களா?’ 0 முதல் 10 வரை மார்க். 9, 10 போட்டவர்களின் சதவீதத்தில் 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழித்தால் விடை. சுலபம்தான். ஆனால் நம்ம ஊரில் சொந்தக்காரப் பையனைச் சேர்த்துவிடுவது லேசான காரியமா? அவன் மூன்றாம் நாள் நின்றுவிட்டால் சூப்பர்வைசரிடமும் ஏச்சு, மதினி வீட்டிலும் ஏச்சு. அந்தப் பயத்தில் 5 போடுகிறவரை மில்லைப் பிடிக்காதவர் என்று கணக்கெழுதுவது அநியாயம்.

இரண்டாவது, மவ்டே, ஸ்டீர்ஸ், போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1979-இல் வெளியிட்ட 15 வாசகங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறோம் என்று மார்க் போட வேண்டும். நல்ல கருவிதான், ஆனால் 6 வாசகங்கள் எதிர்மறையானவை. ‘இங்கேயே இருப்பதால் பெரிய ஆதாயம் இல்லை’ என்ற மாதிரி வரியில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவு அக்கா ஒருவர் பென்சிலை வைத்தபடி இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் கேட்டார்: “அண்ணாச்சி, இல்லைங்கதுக்கு இல்லைன்னு போட்டா, இருக்குன்னு ஆயிருமா?” ஆமாம், அப்படித்தான் ஆகும். ஷிப்ட் முடிந்து களைத்து வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற ஆய்வாளர்கள் 1990-இல் கொடுத்த 24 வாசகங்கள். 1993-இல் அதை 18 ஆகக் குறைத்தார்கள். அது ‘ஏன் இங்கே இருக்கிறீர்கள்’ என்பதை மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது: பிரியமா, விட்டால் நஷ்டமா, கடமையா? நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் இருபது வருஷமாக நிற்கிற ஒருவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் பாளையங்கோட்டையில் படிக்கிறார்கள், திருப்பூருக்குப் போக முடியாது. பக்கத்து மெஷின்காரர், மகள் கல்யாணத்துக்கு மில் கொடுத்த அட்வான்ஸை இன்னும் நன்றியோடு சொல்கிறார். இரண்டு பேரும் லீவு போடாதவர்கள். வருகைப் பதிவேட்டில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பக்கத்தில் புதுக் கம்பெனி வந்தால் முதலில் கிளம்புகிறவர் அந்த வீட்டுக் கடன்காரராகத்தான் இருப்பார். கடமையும் பிரியமும் மார்க்கில் ஒட்டியே வரும் என்ற குறை இதற்கு உண்டு. இருந்தாலும் மற்ற இரண்டைவிட இதுதான் மேல்.

பெயரும் டோக்கன் நம்பரும் வேண்டாமென்று சொல்லி, சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில் கேன்டீனில் நிரப்பச் சொன்னேன். மூன்று மார்க்கையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும்படி ஆபீஸில் கேட்டபோது மறுத்துவிட்டு, தனித்தனியாகவே கொடுத்தேன்.