கிளான் தலைவரின் கையில் எதை விட்டுவைக்கலாம்?

இணைய வியூக விளையாட்டுகளில் பல ஆண்டுகளாக ஏதாவது ஒரு கிளானில், அதாவது ஆட்டக்காரர்கள் கூடி அமைக்கும் குழுவில், இருந்துகொண்டே இருக்கிறேன். உறுப்பினர், மூத்தவர், துணைத் தலைவர் என எல்லாப் படியிலும் நின்றாகிவிட்டது. தலைவர் பதவி மட்டும் வாய்க்கவில்லை, ஆசையும் இல்லை. ஆட்டம் அலுத்து விலகியவர்களைவிட, கிளானில் மனம் கசந்து விலகியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ‘தலைவர் சரியில்லை’ என்பார்கள். பெரும்பாலும் தலைவர் சரியாகத்தான் இருப்பார். அவர் தலையில் சுமத்தியிருக்கும் முடிவுகள்தான் ஒரு மனிதர் எடுக்கக்கூடியவை அல்ல.

பலருக்கும் பழக்கமான கிளாஷ் ஆஃப் கிளான்ஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிளானில் 50 பேர், நான்கு பதவிகள். வழக்கமான போரில் ஆளுக்கு இரண்டு தாக்குதல். தயாராக ஒரு நாள், மோத ஒரு நாள். யார் தாக்கினார், யார் தாக்காமல் தூங்கிவிட்டார் என்பது எல்லோர் கண்ணிலும் படும். இதில் தலைவர் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் சண்டையும் அதிகமில்லை.

சண்டை தொடங்குவது 2018 அக்டோபரில் வந்த லீக் போர்களில். எட்டு கிளான்கள், ஏழு நாட்கள், நாளுக்கு ஒரே தாக்குதல். அவரவர் எடுத்த நட்சத்திரத்துக்கு ஏற்பப் பதக்கம் தானாக வந்துவிடும். அதுவரை யாரும் முணுமுணுப்பதில்லை. அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் பதக்கங்கள் உண்டு, அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தலைமை முடிவு செய்ய வேண்டும். லீக் முடிந்த இரவு அந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் தன்னைவிட எளிய எதிரிகளாகப் பார்த்து அடித்து முதலிடத்தில் நிற்பார். இன்னொருவர் கேட்டுக்கொண்டபடி தினமும் எதிரணியின் பலமான தளத்தோடு மோதி, இரண்டிரண்டு நட்சத்திரமாகச் சேர்த்து நடுவில் கிடப்பார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் ஆள் குறைந்ததால் இரண்டு நாள் மட்டும் இறங்கி, இரண்டிலும் முழு நட்சத்திரம் எடுத்திருப்பார். யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவருக்கும் நியாயமான குறை உண்டு.

எங்கள் கிளானில் இதற்கு மாதாமாதம் பஞ்சாயத்து நடந்தது. அதைத் தணித்தது தலைவரின் பெருந்தன்மை அல்ல. லீக் தொடங்கும் முன்பே ஒட்டப்பட்ட இரண்டு வரி அறிவிப்பு. எல்லாத் தாக்குதலையும் தவறாமல் செய்தவர்கள் மட்டும் வரிசையில் நிற்கலாம். அவர்களில் போன மாதம் பெறாதவர்களுக்கு முன்னுரிமை. இந்த விதி அவ்வளவு நேர்த்தியானது என்று சொல்ல மாட்டேன். திறமைசாலிகளுக்கு இதில் நட்டம். ஆனாலும் முணுமுணுப்பு அடங்கியது, ஏனென்றால் முடிவு தெரிவதற்கு முன்பே விதி தெரிந்திருந்தது. இதே விதியை லீக் முடிந்தபின் அறிவித்திருந்தால், யாருக்கோ சாதகமாக எழுதியது என்றுதான் படித்திருப்பார்கள்.

இது பழைய தலைவலி. 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் ஆட்டத்தில் கூட்டாகப் பெரிய அரக்கர்களைக் கொன்றவர்கள், கிடைத்த பொருளைப் பங்கிடத் தாங்களே ஒரு புள்ளிக் கணக்கை உருவாக்கினார்கள். டிராகன் கில் பாயிண்ட்ஸ், சுருக்கமாக டிகேபி என்று சொல்வார்கள். வேட்டைக்கு வந்தால் புள்ளி, பொருள் வாங்கினால் கழிவு. அழகான ஏற்பாடு, ஆனால் பழைய ஆட்கள் புள்ளிகளைக் குவித்து வைத்துக்கொண்டால் புதியவர் எந்நாளும் எட்ட முடியாது. அதனால் சில குழுக்கள் சேமித்த புள்ளியில் குறிப்பிட்ட விழுக்காட்டை அவ்வப்போது தேய வைத்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2018-இல் மறுகோடிக்கே போனது: குழுத் தலைவர் பொருளைப் பங்கிடும் முறையை நீக்கி, ஆட்டமே ஆளாளுக்கு வழங்கும் என்றது. தலைவரின் ஓரவஞ்சனை ஒழிந்தது, கூடவே ‘எனக்கு வேண்டாம், அவருக்குக் கொடுங்கள்’ என்று விட்டுக்கொடுக்கும் உரிமையும் சுருங்கிப்போனது. தேய்மானம் உள்ள புள்ளிக் கணக்குதான் நான் பார்த்ததில் உருப்படியான நடுவழி.

கணக்கு என்று வந்தால் எதை எண்ணுவது என்பது அடுத்த வம்பு. நான் வெகுநாள் ஆடிய இன்னொரு ஆட்டத்தில், சக உறுப்பினர்கள் கேட்கும்போது கொடுத்த படைகளின் எண்ணிக்கைதான் பங்களிப்பு. டிராகனும் ஒன்று, வில்லாளும் ஒன்று. பிறகென்ன, டிராகன் கேட்டவர் காத்துக் கிடப்பார். வில்லாட்கள் மட்டும் மழையாகக் கொட்டும். அந்தக் கிளானில் வாரக் கடைசியில் பட்டியலின் அடியில் இருக்கும் ஐந்து பேரை நீக்கும் வழக்கம் இருந்தது. புதியவர்களின் தோற்ற தாக்குதல்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ‘மதிலை உடைக்கும் முன்பே மந்திரவாதிகளை இறக்கிவிட்டீர்கள், பத்து நொடி பொறுத்திருக்கலாம்’ என்று பொறுமையாக எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படித்தான் ஒரு வாரம் நீக்கப்பட்டார். அடுத்தடுத்த போர்களில் புதியவர்கள் எடுத்த நட்சத்திரம் சரிந்தபோதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பலருக்குப் புரிந்தது. எண்ண முடியாத வேலைக்கு மட்டும் தலைமையின் விருப்புரிமையை விட்டுவைக்க வேண்டும் என்பேன்: பரிசு கொடுக்க, பதவி உயர்த்த. தண்டிக்க அல்ல.

உச்சவரம்பும் இதில் உதவும். கிளாஷில் கிளானே சேர்ந்து சவால்களை முடித்துப் புள்ளி சேர்க்கும் கிளான் கேம்ஸில் வழக்கமாக ஒருவர் 4,000 புள்ளிக்கு மேல் சேர்க்க முடியாது, கிளானின் இலக்கு 50,000. ஓரிருவர் பணத்தைக் கொட்டி எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது என்பது நல்லது. ஆனால் 13 பேர் முழுமூச்சாக ஆடினால் போதும். மீதி 37 பேர் பெயருக்கு ஒரு சின்னச் சவாலை முடித்துவிட்டுப் பரிசை வாங்கிக்கொள்ளலாம். அந்த 13 பேரில் ஒருவனாக இருந்த மாதங்களில் எனக்கு எரிச்சல் வந்ததுண்டு. இல்லாத மாதங்களில் வரவில்லை!

இனி நீக்கும் பொத்தான். 2009 பிப்ரவரியில் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மாபெரும் கூட்டணி, எதிரணிக்குத் தாவிய அதன் நிர்வாகி ஒருவரால் உள்ளிருந்தே கலைக்கப்பட்டது. பல்லாயிரம் மணி நேர உழைப்பு, ஒரே ஒருவர் கையிலிருந்த அதிகாரத்தால் போனது. துரோகம் ஈவ் ஆட்டத்தின் சுவைகளில் ஒன்று, அங்கே அது பொருந்தும். எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தாது. கோபித்துக்கொண்ட ஒரு துணைத் தலைவர் நள்ளிரவில் ஆட்களை ஒவ்வொருவராக வெளியேற்றுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அரட்டைத் திரையில் ‘நீக்கப்பட்டார்’, ‘நீக்கப்பட்டார்’ என்று வரி வரியாக ஏறிக்கொண்டே போனது, காரணம் எதிலும் இல்லை. தலைவர் விழித்தபோது பாதிக் கிளான் இல்லை.

அதனால் நீக்கும் பொத்தானுக்கு ஒரு தாமதம் வைக்க வேண்டும் என்பேன். அப்படி வைத்தால் உளவாளியை எப்படி உடனே வெளியேற்றுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நீக்குவதையும் தடுத்து வைப்பதையும் பிரித்துவிட்டால் போதும். சந்தேகம் வந்தவரின் கருவூல அனுமதியையும் போர்த் திட்டங்களைப் பார்க்கும் உரிமையையும் எந்தத் துணைத் தலைவரும் அந்த நொடியே முடக்கலாம். உறுப்பினர் என்ற இடம் பறிபோக ஒரு நாள் கழிய வேண்டும், இரண்டாவது ஆள் ஒப்ப வேண்டும், காரணம் பதிவாக வேண்டும். கருவூலத்திலிருந்து பெரிய தொகை எடுப்பதற்கும் கிளானைக் கலைப்பதற்கும் இதே பூட்டு.

விலகுபவர் அடுத்த கிளானில் சேர்வதற்கான காத்திருப்புக் காலம் பற்றியும் ஒரு சொல். பரிசுக்காகக் கிளான் கிளானாகத் தாவுவதை அது தடுக்கிறது, சரி. நீக்கப்பட்டவருக்கும் அதே காத்திருப்பை வைப்பது அநியாயம். அடிபட்டவரிடமே அபராதம் வாங்குவது. இந்த வேறுபாட்டைப் பல ஆட்டங்கள் கண்டுகொள்வதே இல்லை.

புதியவர், பழையவர் இடைவெளிக்கு முழுத் தீர்வு எதையும் நான் பார்த்ததில்லை. டிராவியன் என்ற கிராமம் கட்டும் ஆட்டத்தில் ‘உலக அதிசயம்’ என்ற கட்டடம் நூறாம் நிலையை எட்டியதும் அந்த உலகமே முடிந்து, அடுத்தது வெறும் கிராமத்திலிருந்து தொடங்கும். நியாயம்தான், ஆனால் கட்டியதெல்லாம் போய்விடுமே என்று என் நண்பர்கள் பாதிப் பேர் இரண்டாவது உலகுக்கு வரவே இல்லை. நான் வந்தேன், மூன்றாவதுக்கும் பதிவு செய்திருக்கிறேன்.