கொலு பொம்மை அனுப்ப பபிள் ராப்பா, பழைய பேப்பரா?

ரெண்டுலயும் அனுப்பிப் பாத்துட்டேன். பழைய பேப்பர் காசில்லாம வீட்டுலயே கெடக்கும், ஆனா சும்மா சுத்துனா வேலைக்காகாது, நல்லா கசக்கி உருண்டையா உருட்டி பெட்டிக்குள்ள இடைவெளியே இல்லாம திணிக்கணும், இல்லன்னா போற வழியில அமுங்கிப் போயி பொம்மை உள்ள ஆட ஆரம்பிச்சிடும். போன வருஷம் செட்டியார் பொம்மைக்கு மூக்கு போனது அப்படித்தான் (செட்டியாரம்மா தப்பிச்சாங்க). இன்னொன்னு, அச்சு மை வெள்ளைப் பெயிண்ட்ல ஒட்டிக்கும், அதனால முதல்ல ஒரு டிஷ்யூ சுத்திருங்க.

பபிள் ராப் காசுதான், ஆனா மண் பொம்மைக்கு அதான் சரி. குமிழ் பக்கம் உள்ள வர்ற மாதிரி ரெண்டு மூணு சுத்து, கழுத்து, கை, வீணை மாதிரி நீட்டிட்டு இருக்குற இடத்துக்கு தனியா ஒரு சுத்து. ஒரே சிக்கல், பெட்டி பெருசாகும், கொரியர்ல நீளம் அகலம் உயரத்த செ.மீ.ல அளந்து பெருக்கி, 5000ஆல வகுத்து வர்றத கிலோ எடையா போட்டா காசு ஏறும்.

இப்பல்லாம் நான் பொம்மைக்கு ராப், பெட்டி சந்துக்கு பேப்பர். காகிதக்கூழ் பொம்மைன்னா பேப்பர் மட்டுமே போதும். ஒட்டுறதுக்கு முன்னாடி பெட்டிய ஒரு குலுக்கு குலுக்கிப் பாருங்க, சத்தம் வந்தா இன்னும் திணிங்க.